புள்ளிக்குப் பதில் எழுத்து: போட்டோவை வைத்துப் பைத்தான் கற்ற அனுபவம்

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் ப்ரீ-பிரஸ் வேலை பார்க்கிறேன். காலண்டர், டைரி, நோட்டு அட்டை என்று வரும் படங்களைப் பிளேட்டுக்குப் போகும் முன் சரிசெய்து தருவது என் பொறுப்பு. ஃபைல்களுக்குப் பெயர் மாற்றுவது, அளவு மாற்றுவது போன்ற அலுப்பான வேலைகளைக் குறைக்கலாமே என்றுதான் பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்க ஆரம்பித்தேன். லிஸ்ட், ஃபார் லூப், ஃபங்ஷன் வரைக்கும் பாடங்கள் சுலபமாகப் போயின. ஆனால் பயிற்சிகள் மனதில் ஒட்டவில்லை. ஓர் எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்லும் நிரலை எழுதி முடித்த பிறகு, அதை வைத்து என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் போட்டோவை எழுத்துகளால் வரையும் நிரலை எழுதிப் பார்த்தேன். லூப்பும் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) இன்டெக்ஸும் (வரிசையில் ஒன்றின் இட எண், 0இலிருந்து தொடங்கும்) அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையில் பிடிபட்டன. புதிதாகக் கற்கும் யார் கேட்டாலும் இந்த ஒரு வேலையைச் செய்து பாருங்கள் என்கிறேன். காரணம் ஒன்றுதான். இதில் எங்கே தப்பு நடந்தாலும் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கணக்கு நிரலில் தப்பான விடையும் சரியான விடை போலவே ஓர் எண்ணாகத்தான் வந்து நிற்கும். படத்தில் அப்படி ஒளிய முடியாது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூக்கு இல்லையென்றால் யாருக்கும் தெரியும்.

இதன் அடிப்படை அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. அச்சு எந்திரத்துக்குச் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. மை ஒட்டும் அல்லது ஒட்டாது. நாளிதழில் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருட்டான இடத்தில் புள்ளிகள் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சமான இடத்தில் பொடிப்பொடியாக இருக்கும். எல்லாம் ஒரே கறுப்பு மைதான். தள்ளிப் பிடித்தால் கண் அதைச் சாம்பலாக எடுத்துக்கொள்கிறது. எழுத்துப் படத்திலும் நடப்பது இதேதான். சின்னப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி, பெரிய புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு @ குறி.

கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி என்ற தரம் 1963இல் வந்தது. மொத்தம் 128 இடங்கள். அவற்றில் அச்சிடக்கூடியவை, இடைவெளியையும் சேர்த்து, 95. அத்தனையும் நமக்குத் தேவையில்லை. பலரும் பயன்படுத்தும் பத்துக் குறி வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் ஓர் இடைவெளி, அதன் பின் இவை:

.:-=+*#%@

இடமிருந்து வலமாகப் போகப்போக ஒவ்வொன்றும் கட்டத்தில் அதிக இடத்தை அடைக்கிறது. ஆரம்பிக்க இது போதும். எழுபது குறிகள் கொண்ட நீண்ட வரிசையும் புழக்கத்தில் உண்டு. ஆனால் எடுத்த எடுப்பில் அதற்குப் போக வேண்டாம். பத்தில் எது எங்கே நிற்கிறது என்று கண்ணாலேயே சரிபார்க்கலாம். எழுபதில் அது முடியாது.

படத்தைக் கையாள பில்லோ என்ற நூலகம், அதாவது ஏற்கெனவே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு, வேண்டும். நிறுவும்போது பில்லோ என்று கொடுக்க வேண்டும், நிரலுக்குள் இம்போர்ட் செய்யும்போது மட்டும் பிஐஎல் என்று கொடுக்க வேண்டும். புதியவர்கள் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பிஐஎல் என்பது 1990களில் பிறந்த பழைய நூலகம். 2010இல் அதிலிருந்து கிளைத்தது பில்லோ. ஏற்கெனவே எழுதிய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக உள்ளே பழைய பெயரையே வைத்திருக்கிறார்கள். இன்னொன்று: பழைய பாடங்களில் அளவு மாற்றும் வரியில் முறையின் பெயராக ஆன்டிஅலையாஸ் என்று எழுதியிருப்பார்கள். 2023இல் வந்த பில்லோ 10இல் அந்தப் பெயரை நீக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் லான்சோஸ் என்று மாற்றினால் ஓடும். ஒரு பாடம் ஓடவில்லை என்றால் நமக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்த்துவிடுவது நல்லது.

நிரல் இருபது வரிகூட இல்லை. படத்தைத் திற, சாம்பலாக்கு, சின்னதாக்கு. பிறகு ஒவ்வொரு பிக்சலின், அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியின், எண்ணையும் பார்த்து அதற்குரிய குறியை எடுத்து வரியில் சேர், வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போ. சாம்பல் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 கறுப்பு, 255 வெள்ளை. இதை 0 முதல் 9 வரையுள்ள இன்டெக்ஸாக மாற்ற வேண்டும். இங்கே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து என்று வைத்துக்கொள்வோம், அதனால் வெளிச்சத்துக்குத்தான் @.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பத்துக் குறி என்பதால் 25ஆல் வகுத்தால் போதும் என்று முதலில் தோன்றும். 255ஐ 25ஆல் முழு எண்ணாக வகுத்தால் 10 வரும். வரிசையின் கடைசி இன்டெக்ஸ் 9. ஆகவே படத்தில் பளிச்சென்ற வெள்ளை ஒரு பிக்சல் இருந்தாலும் நிரல் அங்கே இன்டெக்ஸ் எரர் சொல்லி நின்றுவிடும். மங்கலான படத்துக்கு ஓடும், வெள்ளைச் சட்டை போட்டவர் படத்துக்கு ஓடாது. சரி, 9ஆல் பெருக்கி 255ஆல் வகுக்கலாமா? பிழை போய்விடும், ஆனால் @ குறி சரியாக 255 உள்ள பிக்சலுக்கு மட்டும்தான் வரும். 254 வந்தாலே அதற்கு % தான். 10ஆல் பெருக்கி 256ஆல் முழு எண்ணாக வகுப்பதே சரி. 0க்கு 0, 255க்கு 9, நடுவில் எல்லாக் குறிகளுக்கும் ஏறக்குறைய சமமான பங்கு. 255ஆ 256ஆ என்ற சின்ன வித்தியாசத்தை இதற்கு முன் எந்தப் பாடமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

முதல் படம் திரையில் வந்ததும் பெரும்பாலானவர்களுக்கு முகம் இழுத்துவிட்டது போல நீளமாகத் தெரியும். டெர்மினலில், அதாவது நிரல் எழுத்தாக விடை காட்டும் ஜன்னலில், ஓர் எழுத்துக்கான கட்டம் சதுரமல்ல. அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். 1200க்கு 1600 பிக்சல் உள்ள படத்தை 100 எழுத்து அகலத்தில் போட்டால், பள்ளிக்கூட விகிதக் கணக்கின்படி 133 வரிகள் வர வேண்டும். அதைப் பாதியாக்கி 66 வரிகள் என்று வைத்தால்தான் முகம் முகமாக இருக்கும். சில ஃபான்ட்களுக்கு 0.5, சிலவற்றுக்கு 0.55 பொருந்தும். இதற்கு அளவுகோல் வேண்டுமென்றால் வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்பு வட்டம் வரைந்து அதை நிரலுக்குக் கொடுங்கள். திரையில் வட்டம் வட்டமாக வரும் வரை அந்த எண்ணை நகர்த்துங்கள். முகத்தை வைத்துச் சரிபார்த்தால் கண் ஏமாந்துவிடும். வட்டத்தில் ஏமாற வழியில்லை.

மற்றத் தப்புகளுக்கும் இப்படித் தனித்தனி முகம் உண்டு. எல்லா எழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே நெடுவரிசையில் ஓடுகிறதா? வரி உடைக்கும் கட்டளை உள் லூப்புக்குள் போய்விட்டது, ஓர் இன்டென்ட் (வரியின் முன் விடும் இடம்) வெளியே இழுக்க வேண்டும். படம் படுத்துக் கிடக்கிறதா? செல்போன் கேமரா படத்தைத் திருப்பாமல், ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்று படத்தோடு சேர்ந்து வரும் எக்ஸிஃப் தகவலில் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்திருக்கிறது. பில்லோவின் இமேஜ்ஆப்ஸில் உள்ள எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் அந்தக் குறிப்பைப் படித்துத் திருப்பிக் கொடுக்கும். சதுரப் படத்தில் வலது காது மேலேயும் தாடை பக்கவாட்டிலும் போயிருந்தால் எக்ஸையும் ஒய்யையும் மாற்றிக் கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். படம் கோடுகோடாகப் பிளந்து தெரிந்தால் நிரலில் குறையில்லை, டெர்மினல் ஜன்னல் குறுகலாக இருப்பதால் ஒவ்வொரு வரியும் மடிந்து கீழே விழுகிறது. நெகட்டிவ் போலத் தெரிந்தால் குறி வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து என்றால் வெளிச்சமான இடத்துக்கு @ வர வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் இருட்டான இடத்துக்கு @. திரையில் அழகாக இருந்த படம் தாளில் பேய் போல வருவது இதனால்தான்.

பின்னணி வெட்டிய பிஎன்ஜி படங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும் இடத்துக்கு அடியிலும் ஏதோ ஒரு நிறம் இருக்கும், பெரும்பாலும் கறுப்பு. நேரடியாகச் சாம்பலாக்கினால் ஒளிபுகும் தன்மையைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தக் கறுப்பை வெளியே கொண்டுவந்துவிடும். முதலில் அதே அளவில் ஒரு வெள்ளைப் படம் உருவாக்கி, அதன் மேல் இதை ஒட்டி, அதற்குப் பிறகு சாம்பலாக்க வேண்டும்.

இவ்வளவும் நிரல் சம்பந்தப்பட்டவை. ஒருநாள் மாலையில் உட்கார்ந்தால் தீர்த்துவிடலாம். அதற்குப் பிறகும் படம் நன்றாக வரவில்லை என்றால் அதற்கு மேல் நிரலைத் தொடாதீர்கள். போட்டோவைப் பாருங்கள். இந்த வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. நிரல் படிக்கும் பலர் இதைக் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

என்னிடம் அப்பாவின் பழைய ஸ்டுடியோ படம் ஒன்று இருந்தது. கறுப்பு வெள்ளை, ஒரு பக்கத்து விளக்கு மட்டும் பிரகாசம், பின்னால் வெறும் துணி. அதை ஸ்கேன் செய்து கொடுத்தால், பத்தே குறிகளில், மூக்கின் நிழல் முதற்கொண்டு விழுந்தது. போன வருடம் விலையுயர்ந்த செல்போனில் பிளாஷ் போட்டு எடுத்த குடும்பப் படத்தைக் கொடுத்தால் ஒரு முகமும் தெரியவில்லை. பிளாஷ் நேராக அடித்ததில் கன்னமும் நெற்றியும் மூக்கும் ஒரே வெளிச்சமாகிவிட்டன. பத்துக் குறியில் அவை எல்லாம் ஒரே குறி. பத்துப் பேர் நிற்கும் படத்தை 100 எழுத்து அகலத்துக்குச் சுருக்கினால் ஒரு முகத்துக்கு ஐந்தாறு எழுத்து கிடைத்தாலே அதிகம். அதில் கண் எங்கே, புருவம் எங்கே? ஒரே முகமாக, காதுக்கு ஒட்டி வெட்டுங்கள். பக்கவாட்டு வெளிச்சம் உள்ள படமாகப் பாருங்கள். ஜன்னல் ஓரம் உட்காரவைத்து எடுத்த படம் போதும், ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியதில்லை. பின்னால் மரமும் கேட்டும் மோட்டார்சைக்கிளும் இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு வெறுமையாக்குங்கள்.

அடுத்தது கான்ட்ராஸ்ட், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம். மங்கலான படத்தில் பிக்சல் எண்கள் 70 முதல் 180க்குள் அடங்கிக் கிடக்கலாம். நம் கணக்கின்படி 70க்கு இன்டெக்ஸ் 2, 180க்கு 7. பத்துக் குறியில் ஆறுதான் வேலை செய்கிறது. ஆட்டோகான்ட்ராஸ்ட் என்ற ஃபங்ஷன் அந்த எண்களை 0 முதல் 255 வரை இழுத்து விரிக்கும். கட்ஆஃப் என்பதற்கு 1 அல்லது 2 கொடுத்தால் இரண்டு ஓரங்களிலும் அத்தனை சதவீதப் பிக்சல்களைக் கணக்கில் எடுக்காது. எங்கோ ஒரு மூக்குத்தி பளிச்சிடுவதால் மொத்தப் படமும் மங்கலாகவே நிற்கும் நிலை இதில் தீரும். முகத்தை வெட்டி எடுத்த பிறகு இதைச் செய்யுங்கள். முழுப் படத்துக்குச் செய்தால் வானத்தின் வெளிச்சமும் கணக்கில் வந்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அத்தை ஒருவருக்காக அவருடைய கல்யாணப் படத்தை மாற்றிக் கொடுத்தேன். சிவப்புப் பட்டு, அரை அடிக்குப் பச்சை பார்டர். நேரில் கண்ணைப் பறிக்கும் சேலை. எழுத்துப் படத்தில் பார்டரைக் காணவே காணோம். படத்தை அத்தை கையில் வாங்கியதும், “என்னப்பா, பார்டரையே வெட்டிட்டியே?” என்று கேட்டார். பில்லோ சாம்பலாக்கும் முறையில் காரணம் இருக்கிறது. சிவப்பை 0.299ஆல், பச்சையை 0.587ஆல், நீலத்தை 0.114ஆல் பெருக்கிக் கூட்டும். மனிதக் கண் பச்சையை அதிக வெளிச்சமாகவும் நீலத்தைக் குறைந்த வெளிச்சமாகவும் உணர்வதால் இந்த விகிதம். முழுச் சிவப்பு 255 என்றால் சாம்பலில் 76. கரும்பச்சை 128 என்றால் சாம்பலில் 75. நிறத்தில் இரண்டும் எதிரெதிர், சாம்பலில் இரண்டும் ஒன்று.

பிரஸ்ஸில் கலர் செப்பரேஷன் பார்த்துப் பழகியிருந்ததால் தீர்வு உடனே தெரிந்தது. படத்தைச் சாம்பலாக்காமல் ஸ்பிளிட் என்ற ஃபங்ஷனால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தட்டுகளாகப் பிரித்து, சிவப்புத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதில் சேலை 255, பார்டர் 0. ஜரிகைக் கோடுகூடத் தனியாகத் தெரிந்தது. மாநிறத் தோலுக்கும் சிவப்புத் தட்டு மிருதுவாக வரும். பச்சைத் தட்டு சுருக்கங்களையும் உதட்டையும் அழுத்திக் காட்டும். வயதானவர்கள் முகத்துக்கு நான் பச்சையைத்தான் எடுக்கிறேன், அந்தக் கோடுகள்தான் அவர்களுடைய முகம். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் மூன்றையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எங்கள் மெஷின் அண்ணாச்சி ஒருநாள் மானிட்டர் பக்கம் வந்தார். அப்பாவின் படம் எழுத்தாகத் திரையில் இருந்தது. “அண்ணாச்சி, யாருன்னு தெரியுதா?” என்றேன். அவர் திரைக்குப் பக்கத்தில் வரவே இல்லை. கதவு வரைக்கும் பின்னால் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பெயரைச் சொன்னார். “மூக்குல இடிக்கிற மாதிரி நின்னா புள்ளிதாம்ப்பா தெரியும். ரெண்டு எட்டு பின்னால போகணும்” என்றார். அதிலிருந்து எந்த மாற்றம் செய்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். எழ முடியாத இடத்தில் ஃபான்ட் அளவைக் குறைத்துப் பார்த்தாலும் அதே பலன்.

1966இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் நோல்டன், லியோன் ஹார்மன் இருவரும் ஒரு போட்டோவை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு சாம்பல் அளவுக்கும் ஒரு சின்ன மின்னணுக் குறியீட்டை வைத்து, ஏறத்தாழ 12 அடி அகலத்துக்கு ஒரு படம் அச்சிட்டார்கள். அருகில் நின்றால் குறிகள், அறையின் அந்தக் கோடியில் நின்றால் படுத்திருக்கும் ஒரு பெண். 1967இல் அது நியூயார்க் டைம்ஸில் வெளியானது. அவர்களிடம் பில்லோ இல்லை, நாம் ஒரு வரியில் செய்வதை எல்லாம் அவர்களே கட்ட வேண்டியிருந்தது. கணினிக்கும் முன்பே, 1898இல், ஃப்ளோரா ஸ்டேசி என்ற பெண்மணி தட்டச்சுப் பொறியில் ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைந்திருக்கிறார். நாம் செய்வதற்கு இப்படி ஒரு நீண்ட பரம்பரை இருக்கிறது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

எழுத்துப் படத்தை மற்றவர்களுக்கு அனுப்பும்போது பெரும்பாலும் குலைந்துதான் போய்ச் சேரும். நம் டெர்மினலில் எல்லா எழுத்தும் ஒரே அகலம், அவர்கள் செல்போனில் அப்படி இல்லை. முற்றுப்புள்ளிக்குக் குறைவான இடமும் @ குறிக்கு அதிக இடமும் கொடுக்கும் ஃபான்ட் அது. வாட்ஸ்அப்பில் முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் குறிகள் (```) போட்டால் சம அகல எழுத்தாக மாறும், ஆனாலும் செல்போன் அகலத்துக்கு மேல் போனால் வரி மடிந்துவிடும். வெளியே அனுப்புவதற்கு எழுத்தாக அனுப்பாமல், அதையே ஒரு படமாக வரைந்து அனுப்புவதுதான் நம்பகமான வழி. இந்த யோசனை என்னைத் தமிழ் எழுத்துகளிடம் கொண்டுபோய் விட்டது.

அப்பாவின் முகத்தை @ குறியால் வரைவதைவிடத் தமிழ் எழுத்தால் வரைய வேண்டும் என்ற ஆசை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. டெர்மினலில் அது நடக்காது. ட குறுகல், ண அகலம், வரி வரியாக அடுக்கினால் ஓரம் ஓரிடத்தில் நிற்காது. இதற்கு மேல் இன்னொரு விஷயமும் உண்டு. பைத்தானிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் தரம் அதை ஐந்தாகத்தான் வைத்திருக்கிறது. எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கட்டத்தில் போட்டால் இகரக் குறி தனியாக ஒரு கட்டத்தில் போய் உட்காரும். இதைச் சமாளிக்க எளிய வழி, குறி எதுவும் சேராத க, ங, ச, ஞ, ட என்று தொடங்கும் 18 எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்வது. ஒவ்வொன்றும் ஒரே யூனிகோட் எண். பிரியாது, பக்கத்து எழுத்தோடு சேர்ந்து உருவமும் மாறாது.

சரி, இந்தப் பதினெட்டில் எது மெல்லியது, எது அடர்ந்தது? ஆங்கிலக் குறிகளுக்கு யாரோ வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நமக்கு நாமே அளக்க வேண்டும். அதுவும் ஒரு சின்ன நிரல்தான். ஒரு வெள்ளைக் கட்டம் உருவாக்கு, நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்டில் ஓர் எழுத்தை நடுவில் வரை, அந்தக் கட்டத்தின் சராசரிச் சாம்பல் எண்ணை எடு. பதினெட்டுக்கும் எடுத்து, எண்ணின்படி வரிசைப்படுத்து. ட, ப, ர போன்றவை மெல்லிய பக்கமும் ண, ஞ போன்றவை அடர்ந்த பக்கமும் போய் நிற்கும். ஃபான்ட்டை மாற்றினால் வரிசையும் மாறும், அதனால் அளக்கும் நிரலைக் கூடவே வைத்திருங்கள். இதே நிரலில் அந்தப் பத்து ஆங்கிலக் குறிகளையும் அளந்து பாருங்கள். படிகள் சமமாக இல்லை என்பது தெரியும். சில இடத்தில் ஒரே தாவல், சில இடத்தில் இரண்டு குறிக்கும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. ஆகவே சமமாகப் பங்கிடுவதைவிட, பிக்சலின் சாம்பலுக்கு மிக நெருங்கிய அளவுள்ள எழுத்தைத் தேடி எடுப்பது இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எவ்வளவு அடர்ந்த எழுத்தும் கட்டத்தை முழுதாக நிரப்பாது. அதனால் அளந்து வந்த எண்களை முதலில் 0 முதல் 255க்கு விரித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் படத்தின் இருட்டுப் பகுதி முழுவதும் ஒரே எழுத்தாகிவிடும்.

பதினெட்டு எழுத்துக்கும் இடையே அடர்த்தி வித்தியாசம் குறைவு. மெல்லியது போதிய அளவு மெல்லியதாக இல்லை, அடர்ந்தது போதிய அளவு அடர்த்தியாக இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழில் தின் முதல் பிளாக் வரை ஒன்பது தடிமன்கள் இருப்பது இங்கே உதவுகிறது. மெல்லிய தடிமனில் ட, கனத்த தடிமனில் ண என்று போனால் வரிசை நன்றாக நீளும். இதிலிருந்தே இன்னொரு வழியும் திறந்தது. வெளிச்சத்தைத் தடிமன் பார்த்துக்கொள்ளும் என்றால் எழுத்து எதுவாகவும் இருக்கலாம். அப்பாவின் பெயரையே வரி வரியாக ஓடவிட்டு, வெளிச்சமான இடத்தில் மெல்லியதாகவும் நிழலில் கனமாகவும் எழுதினேன். பெயரில் உயிர்மெய் எழுத்துகள் வருவதால் குறியையும் மெய்யையும் சேர்த்து ஒரே கட்டத்தில் வரைய வேண்டும். கையில் பட்டியலாகப் பிரித்து எழுதிக்கொடுத்துவிட்டேன், ஒரு பெயருக்கு அது போதும். கொ, கோ போல இரண்டு பக்கமும் குறி வரும் எழுத்துகளைப் பில்லோ சரியாக வரைய ராக்ம் என்ற துணை நூலகம் வேலை செய்ய வேண்டும். உங்கள் கணினியில் அது இருக்கிறதா என்று பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியில் ஒரு வரியில் கேட்டுவிடலாம்.

படமாக வரையும்போது கட்டத்தை நாமே சதுரமாக வைத்துக்கொள்ளலாம், பாதியாக்கும் கணக்குத் தேவையில்லை. எழுத்து ஃபைலாகவும் சேமிக்க நினைத்தால் திறக்கும் வரியில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கண்டிப்பாக எழுதுங்கள். விண்டோஸில் அதை விட்டுவிட்டால் தமிழ் எழுத்து வந்த இடத்தில் நிரல் நின்றுவிடக்கூடும்.

ஏ4 தாளில் அச்சிடுவதற்கான கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 என்பது 2480க்கு 3508 பிக்சல். கட்டத்துக்கு 20 பிக்சல் என்று வைத்தால் 124 நெடுவரிசை, 175 வரி. ஒவ்வொரு கட்டமும் 1.7 மில்லிமீட்டர், ஏறக்குறைய 5 பாயின்ட் எழுத்து. கூர்ந்து பார்த்தால் படிக்கலாம், கை நீட்டிப் பிடித்தால் முகம். அதற்குக் கீழே போனால் ண, ஞ போன்றவற்றின் உள் வளைவுகளில் மை அடைத்துக்கொள்ளும். வீட்டுப் பிரிண்டருக்கு இது போதும். ஆஃப்செட்டில் போடுவதாக இருந்தால் 300 டிபிஐ சாம்பல் படமாகக் கொடுக்காதீர்கள். எழுத்தின் ஓரத்தில் இருக்கும் சாம்பல் பிக்சல்களின் மேல் ஸ்கிரீன் புள்ளி விழுந்து எழுத்து கரடுமுரடாகும். அதே படத்தை 1200 டிபிஐயில், கட்டத்துக்கு 80 பிக்சல் வைத்து, 9921க்கு 14031 அளவில் வரைந்து, கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டுமே உள்ள ஒரு பிட் படமாக மாற்றிக் கொடுங்கள். மாற்றும்போது, சாம்பலைப் புள்ளிகளாகத் தூவும் டிதர் என்பதை நிறுத்திவைக்க வேண்டும், பில்லோ கேட்காமலே அதைப் போட்டுவிடும். கறுப்புப் பிளேட் ஒன்றில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். நான்கு கலரில் போனால், ரிஜிஸ்டர் (பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) ஒரு முடி விலகினாலும் 5 பாயின்ட் எழுத்து நிழலடித்துவிடும்.